புனித வெள்ளியன்று காது தின்ற கழுதை

என் தாத்தாவின் கழுதை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் இடது காதை வேரோடு பிடுங்கி, மென்று, விழுங்கி, அதற்கு மேல் ஒரு வாய் புல்லும் தின்றது. மறுநாளே அந்த இன்ஸ்பெக்டர் தன் இரண்டு கைகளாலும் அதன் தலையில் கிரீடம் வைத்து, அதை எங்கள் ஊருக்கு ராஜாவாக்கினார்.

இதை மோந்தேரியா போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் எழுந்து போய்க் கோழிக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

சான் லாசரோவில் யாரும் அப்படி எழுந்து போகமாட்டார்கள். எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை கழுதைகளின் நாள். அன்று எந்தக் கழுதையும் சுமை தூக்காது, அடி வாங்காது. கல்யாண கவுன், காதுக்கு வளையம், உதட்டுக்குச் சாயம் என்று சிங்காரித்துக்கொண்டு வரும். அதில் ஒரு ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுப்போம். போன வருஷத்து ராணி மேடையிலேயே நகரத் தலைவரின் தொப்பியைத் தின்றாள். கைதட்டல் அடங்குவதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது. இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று யாரைக் கேட்டாலும் என் தாத்தா திபுர்சியோ பெர்ரோகாலின் பெயரைச் சொல்வார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் சொல்லமாட்டார்.

அவர் பெயர் வில்ஃப்ரிதோ பூப்போ. ஓய்வுபெற்ற நோட்டரி. விழாக் கமிட்டியின் தலைவர். காதைப் பறிகொடுத்த இன்ஸ்பெக்டர் தெமெத்ரியோ பூப்போவின் மகன்.

அவருடைய கதையே வேறு. அவருடைய அப்பா சினு ஆற்றங்கரையில் கொள்ளைக்காரர்களோடு தனியாளாகச் சண்டை போட்டாராம். வெட்டுக்கத்தி வீச்சில் காது போயிற்றாம். ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கழுதையின் மேல் ஊர் திரும்பினாராம். சந்தோஷத்தில் ஜனங்கள் கழுதைக்கும் சேர்த்து மாலை போட்டார்களாம். இந்தக் கதையில் என் தாத்தா இல்லவே இல்லை. கழுதையும் வெறும் வாகனம்.

இந்த வருஷம் கமிட்டி கழுதைக் கொட்டகையின் நீளச் சுவரை வெள்ளையடித்து, விழா பிறந்த கதையை அதில் வரையச் சொல்லி மோந்தேரியாவிலிருந்து யாதிரா என்ற ஓவியக்காரியைக் கூட்டி வந்தது. சுவரில் எது ஏறுகிறதோ அதுதான் இனிமேல் கதை. நாளைக்கு நான் செத்துப்போனால் என் வாய் இருக்காது, சுவர் இருக்கும். அன்று காலை நான் கொட்டகைக்கு ஓடியபோது யாதிரா ஏணியில் நின்று, மீசை வைத்த ஒரு மனிதனைக் கழுதைமேல் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனிதனுக்கு அகன்ற தோள், ஒரு வாள், தலையைச் சுற்றி வெளிச்சம்.

"இறங்கு தாயி," என்றேன். "அந்த ஆளுக்கு வாள் பிடிக்கத் தெரியாது. மீனுக்குச் செதில் சீவக்கூட அவர் பெண்டாட்டிதான் வரணும்."

வில்ஃப்ரிதோ கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வந்துட்டாய்யா, டெலிபோன்காரி! ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டே பென்ஷன் வாங்கினவ."

"ஒட்டுக்கேட்டதுனாலதான் நோட்டரி அய்யா எனக்கு எல்லாம் தெரியுது. உங்க ரெண்டாவது கல்யாணப் பேச்சைக்கூட நான்தான் லைன் போட்டுக் குடுத்தேன். அதைச் சுவத்துல வரையச் சொல்லவா?"

பொரித்த பலகாரம் விற்கும் நூபியா சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சட்டியே ஆடியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. யாதிரா ஏணியிலிருந்து இறங்கி, கரித்துண்டைக் காதில் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்குச் சுண்ணாம்பு காயுறதுக்குள்ள வரைஞ்சாகணும்."

"சாட்சி இருக்கான்னு கேளும்மா," என்றார் வில்ஃப்ரிதோ, திரும்ப உட்கார்ந்துகொண்டு. "இவளுக்கு அப்ப ஏழு வயசு."

"உங்களுக்கு ஒன்பது. நீங்களும் அங்கதான் நின்னீங்க."

"நான் எதையும் பாக்கல."

"சரி, நான் பாத்ததைச் சொல்றேன். பொய்னா நடுவுல நிறுத்துங்க," என்று சொல்லி, நூபியாவின் முக்காலியில் உட்கார்ந்தேன்.

என் தாத்தா மடியில் வைத்துக் கொஞ்சுகிற ரகமில்லை. நண்டின் கொடுக்கைப் பல்லால் உடைப்பார். பல் வலித்தால் குறடால் பிடுங்கிக் கோழிக்கு வீசுவார். அந்தப் பல்லைத் தின்ற சேவல் அதன்பின் நாய்களைத் துரத்தியது. சாராயக் கடைக்குள் அவர் கால் வைத்தால் பாட்டில்கள் தாமாகவே அலமாரியின் பின்வரிசைக்கு நகர்ந்துகொள்ளும். என் இரண்டு மாமாக்களையும் ஒரே துடுப்பால், ஒரே வீச்சில், சதுப்புக்காட்டுச் சேற்றில் நட்டுவைத்தவர். என்னைத் தோளில் தூக்கிப் போகும்போது அவர் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தி என் கணுக்காலில் இடித்துக்கொண்டே வரும். இன்றைக்கும் தகரம் தட்டும் சத்தம் கேட்டால் என் கணுக்கால் கூசுகிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒரு ஜீவனிடம்தான் குரலைத் தணித்துப் பேசினார். அது அவருடைய கழுதை தீசோன். தீசோன் என்றால் கொள்ளிக்கட்டை. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் யூதாஸ்.

ஒவ்வொரு ஈஸ்டர் சனிக்கிழமையும் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பொம்மையைக் கழுதைமேல் ஏற்றி, வைது, கல்லெறிந்து, ஊர்சுற்றிக் கொண்டுவந்து சதுக்கத்தில் கொளுத்துவோம். பொம்மை வயிற்றில் வைக்கோல், நெஞ்சில் வெடி. ஆனால் அதன் உடுப்பு மட்டும் வீடு வீடாகப் பிச்சை கேட்டு வாங்கியதாக இருக்கவேண்டும். ஆண்கள் யாரும் தரமாட்டார்கள். தன் சட்டை யூதாஸ்மேல் எரிவதைப் பார்க்க எவனுக்குப் பிடிக்கும்? அதனால் பெண்டாட்டிகள் கமுக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். காது போனதற்கு முந்தின வருஷம் இன்ஸ்பெக்டரின் மனைவி எர்லிந்தா, பப்பாளி இனிப்புக் கிண்ணத்துக்கு அடியில் மறைத்து, புருஷனுடைய கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கொடுத்தனுப்பினாள்.

"எங்க அம்மா குடுக்கல!" என்றார் வில்ஃப்ரிதோ.

"கிண்ணம் எங்க வீட்டுலதான் இன்னும் இருக்கு. வேணும்னா திருப்பித் தரேன்."

எங்கள் வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரே பிராணி இன்ஸ்பெக்டர் பூப்போதான். போகோட்டாவில் ஒரே துணியில் இரண்டு கோட்டு தைத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டும் பாச்சை உருண்டையும் லாவெண்டர் தைலமும் கலந்து மணக்கும். அவர் தெருமுனையில் திரும்பினால் கடலில் மீனுக்குத் தும்மல் வரும். அந்த வாசனையோடு யூதாஸ் தீசோன்மேல் ஏறினான். பாதி வழியில் ஒரு குடிகாரன் சுருட்டுப் பற்றவைக்கிறேன் என்று யூதாஸின் திரியைப் பற்றவைத்துவிட்டான். கழுதை முதுகிலேயே யூதாஸ் வெடித்தான். மூன்று கூரை பறந்தது, பாதிரியாரின் அங்கி பறந்தது, தீசோனின் முதுகுத்தோல் தட்டகலத்துக்கு வெந்துபோயிற்று. தாத்தா ஒரு வருஷம் முழுக்க அந்தப் புண்ணில் இகுவானா ஓணானின் கொழுப்பைத் தடவினார். அந்தக் குடிகாரனின் விரல்களில் எத்தனையை ஒடித்தார் என்று நான் எண்ணவில்லை. அவன் அதன்பின் கிடார் வாசிக்கவில்லை.

மறுவருஷம் புனித வெள்ளி. ஊர்வலம் போகிறது. சிலுவைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், இரண்டாவது கோட்டில். தாத்தா ஓரமாகத் தீசோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் கழுதையின் காலடியில். காற்று கடலிலிருந்து திரும்பி அடித்தது. தீசோனின் மூக்குத்துளை விரிந்தது. பாச்சை உருண்டை, லாவெண்டர், முதுகில் நெருப்பு. மூன்றும் அதற்கு ஒரே சங்கதி. போன வருஷம் தன்னை எரித்தவன் பிழைத்து எழுந்து, ஜபமாலையோடு நடந்து வருகிறான்!

கயிறு தாத்தாவின் உள்ளங்கைத் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு போயிற்று. மஞ்சள் பற்கள் ஒருமுறை திறந்தன, ஒருமுறை மூடின. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்ஸ்பெக்டர் கத்தியது மூன்றாவது ஊரில் கேட்டு, அங்கே ஒரு பசு கன்று போட்டது. ரத்தம் மாதா சிலையின் பாதம்வரை பீச்சியடித்தது. என் செருப்பு அதில் வழுக்கியது. கழுதை நிதானமாக மென்றது.

"காது தரையில விழுந்திருக்கும். நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றார் வில்ஃப்ரிதோ. சொன்னபின் வாயை மூடிக்கொண்டார்.

"எந்தக் காது அய்யா?" என்றாள் நூபியா. "ஆத்தங்கரையில போனதா, இங்க போனதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

கழுதைமேல் இரண்டு குற்றம். ஒன்று, அதிகாரியைத் தாக்கியது. இன்னொன்றைப் பாதிரியார் சொன்னார்: விரத நாளான புனித வெள்ளியன்று மாமிசம் தின்றது. ஊர் பயந்தது இரண்டாவதுக்குத்தான். தண்டனை, மறுநாள் சதுக்கத்தில் சுட்டுக் கொல்வது. அந்த வருஷம் யூதாஸோடு தீசோனும் போகவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கட்டுத்துணிக்குள்ளிருந்து உறுமினார்.

தாத்தா கழுதையின் முன்னால் போய் நின்றார். "இவனைச் சுடணும்னா முதல்ல என்னைச் சுடு. ஒழுங்காக் குறி பாத்துச் சுடு. தப்பிச்சேன்னா நீ இருக்கமாட்டே."

சுடவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் அடித்தார்கள். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். முகம் அவருடையதாக இல்லாமல் போகும்வரை அடித்தார்கள். நான் ஒரு கான்ஸ்டபிளின் தொடையைக் கடித்தேன். எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் பசி. அவன் என்னை உதறியதில் போய்ச் சுவரில் விழுந்தேன். தாத்தாவின் காலைப் பிடித்து லாக்கப்புக்கு இழுத்துப் போனார்கள். மண்ணில் ஒரு சிவப்புக் கோடு அவர் பின்னாலேயே போயிற்று.

கொட்டகையில் கதை கேட்ட யாரும் இப்போது சிரிக்கவில்லை. யாதிரா கரித்துண்டைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வில்ஃப்ரிதோ கைத்தடியின் பூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம். சதுக்கத்தில் தென்னோலை வேய்ந்த மேடை. அதன் ஒரு மூலையில் வெடி நிரப்பிய புது யூதாஸ். மறுமூலையில் நாற்காலியில் இன்ஸ்பெக்டர், அதே கோட்டு, தலையில் எர்லிந்தாவின் உள்பாவாடையைக் கிழித்துப் போட்ட கட்டு. தீசோனைப் புதுக் கயிற்றால் தன் நாற்காலிக்குக் கீழே மேடையின் மூலைக்காலிலேயே கட்டச் சொன்னார். பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. கழுதைக்கு அந்த வாசனை தலைக்கு நேர்மேலே. கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் நுரை.

அப்போது தாத்தா வந்தார். லாக்கப் கதவை நெற்றியால் முட்டித் திறந்தார்.

"கதவு திறந்துதான் இருந்துச்சு," என்றார் வில்ஃப்ரிதோ.

"யாரு திறந்தா?"

 வில்ஃப்ரிதோவின் கழுத்து சிவந்தது. எர்லிந்தாவிடம் ஒரு சாவி எப்போதும் இருந்தது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது. கோட்டைக் கொடுத்தவள் அல்லவா! அதை நான் சொல்லவில்லை. நெற்றி என்றே வைத்துக்கொண்டேன்.

வெட்டுக்கத்தி எங்கிருந்து கிடைத்தது என்று தெரியாது. அவர் கையில் அது முளைக்கும். முதல் கான்ஸ்டபிளின் தோளில் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஓர் அடி. காறையெலும்பு விறகு மாதிரி உடைந்தது. இரண்டாமவன் அதற்குள் துப்பாக்கியைத் தீசோனின் நெற்றிக்கு நேரே தூக்கிவிட்டான். தாத்தா குழலை வெறுங்கையால் பிடித்து மேலே தள்ளினார். தோட்டா அவர் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு நேரே யூதாஸின் நெஞ்சுக்குப் போயிற்று.

ஒரு வருஷமாகச் சேர்த்த வெடி! வானம் ஒருமுறை கீழே இறங்கி மேலே போயிற்று. சதுக்கத்துப் புறாக்கள் பொரித்த நிலையிலேயே விழுந்தன. ஓலைக்கூரை குப்பென்று பிடித்தது. இன்ஸ்பெக்டரின் கம்பளிக் கோட்டு முதுகில் தீப்பிடித்தது. நெருப்பு, வெடிச்சத்தம், எரிகிற பாச்சை உருண்டை நாற்றம். தீசோனுக்கு உலகம் இரண்டாம் முறை முடிந்தது. ஒரே பாய்ச்சல். மூலைக்கால் வேரோடு பெயர்ந்தது, மேடை மடங்கியது, காலின் ஆணியில் கோட்டுவால் மாட்டிய இன்ஸ்பெக்டர் பெயர்ந்த கட்டையோடு சேர்ந்து தரையில் இழுபட்டுப் போனார்.

எரிகிற யூதாஸ் தன்னைத் துரத்துகிறான் என்றே கழுதை நினைத்திருக்கும். திரும்பிப் பார்க்கும், எரிகிற கோட்டு பின்னாலேயே வரும், இன்னும் வேகமாக ஓடும். மீன்கடைகளை உடைத்துக்கொண்டு, ஒரு படகைக் கவிழ்த்துக்கொண்டு, காயலுக்குள் கழுத்தளவுக்குப் போய் நின்றது. சுர்ரென்று நெருப்பு அணைந்தது. கட்டையின் அடியில் இன்ஸ்பெக்டர் குமிழி விட்டுக்கொண்டிருந்தார்.

மேடையிலேயே கிடந்திருந்தால் வெந்திருப்பார். அதிலிருந்து கழுதை காப்பாற்றியது. இனி நீரில் மூழ்கிச் சாகவேண்டியதுதான் பாக்கி. தாத்தா உள்ளே இறங்கி, தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். ஓட்டை விழுந்த கையால் முடி, மறுகையால் தொண்டையில் கத்தி. கழுத்துத் தோலில் ஒரு சிவப்பு இழை ஓடியது. கரையில் நான் நின்றேன். என் பக்கத்தில், என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரின் மகன் நின்றான்.

வில்ஃப்ரிதோ கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என் கழுதை உசுரை எடுக்கப் பாத்தே," என்றார் தாத்தா, பல்லில்லாத ரத்த வாயால். "அவன் உன் உசுரைக் காப்பாத்தினான். இப்ப சொல்லு. ரெண்டு பேர்ல யாருடா மிருகம்?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், யார் என்று சொல்லமாட்டேன், "கழுதைதான் ராஜா!" என்று கத்தியது. ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. யாரோ குருத்தோலை ஞாயிற்று ஓலையில் ஒரு கிரீடம் முடைந்து நீட்டினார்கள். "நீயே வை," என்றார் தாத்தா. "வச்சா கத்தியை எடுக்கிறேன்."

இந்த இடத்தில் நான் நிறுத்தி, வில்ஃப்ரிதோவை நன்றாக ஒருமுறை பார்த்தேன். பிறகு முக்காலியில் சாய்ந்துகொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"அப்புறம் இன்ஸ்பெக்டர் அழுதாரு பாருங்க! மூக்கு ஒழுக, சேத்துல மண்டிபோட்டு, கழுதையோட முன்னங்காலைக் கட்டிக்கிட்டு, 'ராஜாவே, என்னை விட்ருங்க'ன்னாரு. கால்சட்டை நனைஞ்சது காயல் தண்ணி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். கை நடுங்கி நடுங்கிக் கிரீடம் மூணு தடவை கீழ விழுந்துச்சு. நாலாவது தடவை..."

"பொய்!"

கைத்தடி தரையில் விழுந்தது. வில்ஃப்ரிதோ எழுந்து நின்றுவிட்டார்.

"அடியே எதில்சா, வாயைக் கழுவு! எங்கப்பா அழல. மண்டிபோடல. கிரீடம் ஒரு தடவைகூடக் கீழ விழல!"

கொட்டகைக்குள் கழுதைகள்கூட மெல்லுவதை நிறுத்தின. நூபியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன கிரீடம் நோட்டரி அய்யா?" என்றேன், முடிந்தவரை அப்பாவியாக.

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கரியால் வரைந்த, வாள் பிடித்த அந்த மனிதனைப் பார்த்தார். பிறகு, ஆச்சரியம், உட்காரவில்லை. நின்றுகொண்டே, என்னிடம் இல்லை, யாதிராவிடம் பேசினார்.

"கோட்டைக் கழட்டித் தண்ணியில விட்டாரும்மா. அந்த வாசனை போனதும் கழுதை அடங்கிடுச்சு. எங்கப்பா நேரா நின்னாரு. கட்டு அவுந்து கழுத்தெல்லாம் ரத்தம். கிரீடம் சின்னதாப் போச்சு, கழுதைக் காது மாட்டல. அவரே ஒரு காதைப் பிடிச்சு மெதுவா உள்ள விட்டாரு. அப்புறம் இன்னொரு காதை. ஒத்தக் காதுக்காரரு, அதுக்கு ரெண்டு காதையும் பாத்துப் பாத்து எடுத்து விட்டாரு. அதோட வாய் அவரு முகத்துக்கிட்டத்தான் இருந்துச்சு. கை நடுங்கல. அதுவும் கடிக்கல."

குனிந்து கைத்தடியை எடுத்தார். சுவரிலிருந்த வாளைக் கைக்குட்டையால் தானே அழித்தார்.

"நடந்துச்சும்மா. அந்த அழுகையைத் தவிர இவ சொன்னபடிதான் நடந்துச்சு. நான் பாத்தேன்."